குளத்துக்கு ஒரு பிடி அரிசி

குளத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வெளிக்கிட்டு, அதை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுப் பின்வளவில் கொட்டிய மனிதர் உலகத்திலேயே என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். எழுபதுகளின் நடுவில், மெல்பேணில், கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். அப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பொறியியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். எனக்கு ஏழு வயது.

வேலிக்குப் பின்னால் யூக்கலிப்டஸ் மரங்கள் நின்ற ஒரு துண்டுக் காடு. அதன் நடுவே ஒரு பள்ளம். குளிர்கால மழைக்கு அது நிரம்பிவிடும். தவளைகள் போடும் சத்தத்தில் அப்பா படிப்பைக் கைவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். கோடையில் சொட்டுத் தண்ணீர் இராது. வெடித்த மண்ணில் நான் கெந்தி விளையாடுவேன்.

அந்தப் பள்ளத்தை மூடிவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்ட, எங்கள் பகுதி நகரசபையான கவுன்சில் நினைத்தது. குறுக்கே நின்றவர் அப்பாவின் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எந்நேரமும் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்துப் போட்டிருப்பார். நாங்கள் வைத்த பெயர் தவளை அன்ரி. ஒருநாள் எங்கள் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி அவர் விளக்கியதை, அம்மாவுக்காக அப்பா தமிழில் சொன்னார். எப்போதும் தண்ணீர் நிற்கும் குளத்துக்கு மீன் வந்துவிடும். மீன் வந்தால் தவளை முட்டையை மிச்சம் வைக்காது. ஆகவே வற்றிப் போவதுதான் இந்தக் குளத்தின் பலமாம். மீன் இல்லாத தண்ணீரை நம்பிப் பிறக்கும் உயிர்கள் இருக்குமானால், வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடந்தாலும் அது நீர்நிலைதான், அதைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் கவுன்சில்காரர் பார்க்க வருவது மழைக்கு முதல். காய்ந்த பள்ளத்தைக் காட்டி இது குளம் என்றால் யார் நம்புவார்கள்? அன்ரியின் கவலை அதுதான்.

மாமா இதில் பாதியைத்தான் கேட்டார். கவுன்சில்காரர் குளம் பார்க்க வருகிறார்கள் என்ற பாதியை.

"பெரிய ஆக்கள் வரேக்க குளம் இந்தக் கோலத்திலயோ கிடக்கிறது? ஊரிலயெண்டா இப்ப தூர் எடுத்து முடிஞ்சிருக்கும்" என்றார்.

அன்ரி வெளியூர் போயிருந்த ஒரு சனிக்கிழமை, மாமாவின் தமிழ் நண்பர்கள் எல்லாரும் மம்பட்டியோடு வந்து இறங்கினார்கள். ஐயோ, அந்த நாளின் குதூகலத்தை என்னவென்று சொல்வது! மண் சுமக்கும் ஓலைக் கடகம் இல்லாததற்கு வாளி, உருளைக்கிழங்குச் சாக்கு. ஒருவர் பாட, மற்றவர்கள் வெட்ட, அம்மா கோழிக்கறியும் சோறும் கொண்டுபோய்க் கொடுக்க, பொழுது சாய்வதற்குள் பள்ளத்தின் மேல்மண் முழுவதும் எங்கள் பின்வளவுக்கு வந்துவிட்டது. ஊரில் குளத்து வண்டல் வயலுக்குப் போகும். வயலுக்கு எங்கே போவது? கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி போட்டார்கள். மிஞ்சியதைக் கராஜுக்குப் பின்னால் கிடந்த பழைய குளியல் தொட்டிக்குள் கொட்டினார்கள்.

வயல் இல்லையென்று பெரியவர்கள் சொன்னதுதான் என் மனதில் பிடித்துக்கொண்டது. ஒருவருக்கும் தெரியாமல் தொட்டிக்குள் தண்ணீர் விட்டு, அரிசிச் சாடிக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து வந்து விதைத்தேன். உமி நீக்கிய அரிசி முளைக்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்! அரிசி குறைந்ததை அம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டா. "அரிசி என்ன றோட்டில கிடந்தே எடுக்கிறம்?" என்று வீடு முழுக்கக் கேட்கப் பேசினா. நல்ல அரிசிக்கு அப்பா ரெயில் ஏறி நகரத்துக்குப் போய்வர வேண்டியிருந்த காலம்.

மறுநாள் அன்ரி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். அப்படியே விளிம்பில் குந்திவிட்டார். நீங்கள் அள்ளியது சேறு அல்ல, அந்த மண்தான் குளம் என்றார். அதற்குள்தான் மழைத்தண்ணீரில் மட்டும் பிறக்கும் சிற்றுயிர்களின் முட்டைகள் காய்ந்துபோய் மழைக்குக் காத்துக் கிடக்கின்றனவாம். அடியில் தண்ணீரைத் தாங்கும் களிமண்ணை வெட்டாமல் விட்டது ஒன்றே புண்ணியம் என்றார். மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லயே, அக்கா."

"அன்ரி சொன்னவ. நீ வடைத் தட்டோட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனீ" என்றா அம்மா.

நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் என் வயலைப் பார்க்க ஓடினேன். நாற்று வரவில்லை. ஒருநாள் தண்ணீரில் ஏதோ தூசி மாதிரி அசைந்தது. பிறகு அந்தத் தூசிகளுக்குக் கால் முளைத்தது. பிறகு, கடவுளே, தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, பின்னால் இரட்டை வாலை ஆட்டியபடி, தொட்டி நிறைய நீந்தின! என் அரிசி உயிர் பெற்றுவிட்டது. எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனாலும் அரிசி திருடிய குற்றம் தலைமேல் இருந்ததால் வாய் திறக்கவில்லை. கவுன்சிலிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய நெட்டை மனிதர் வந்து, பள்ளத்தைச் சுற்றி நடந்து, தண்ணீரே இல்லாத இடத்தை நான் எப்படி நீர்நிலை என்று எழுதுவது என்று கேட்டார். அன்ரி குனிந்து வெறும் களிமண்ணைத் தொட்டார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளம் போகப்போகிறது என்பது எனக்கும் விளங்கியது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அன்ரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கராஜுக்குப் பின்னால் ஓடினேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

தொட்டியைப் பார்த்த அன்ரி அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். கவச இறால், கவச இறால் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நெட்டை மனிதர் காற்சட்டை அழுக்காவதையும் பாராமல் முழங்காலில் நின்று தொட்டிக்குள் விரலை விட்டார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்க, நான் அரிசி விதைத்தேன் என்று ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தேன். அப்பா அதை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா என்னைத் திருத்த வாயெடுத்தா. அன்ரி அம்மாவைப் பார்த்துச் சற்றே தலையசைத்தார். அம்மா திருத்துவதை விட்டு என் தலையைத் தடவினா. பிறகு அன்ரி அந்த மனிதரிடம், நாங்கள் எல்லாரும் செய்திருக்க வேண்டியதை இந்தப் பிள்ளை செய்திருக்கிறாள், காய்ந்த மண்ணுக்குத் தண்ணீர் விட்டுக் காத்திருந்திருக்கிறாள் என்றார். அரிசியின் பெயர் விடுபட்டதை நான் கவனிக்கவில்லை.

மழை வரும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று நெட்டை மனிதர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை மாமாவும் நண்பர்களும் அதே சாக்குகளில் மண்ணைத் திருப்பிச் சுமந்தார்கள்; கத்தரிக் கன்றுகள் அநாதையாயின. அந்தக் குளிர்காலம் பள்ளம் நிரம்பியது. அப்பாவின் படிப்பும் பழையபடி கெட்டது. கார் நிறுத்துமிடம் வேறு எங்கோ போயிற்று. குளத்தைச் சுற்றி வேலியும், இதற்குள் எதையும் போடக் கூடாது என்ற பலகையும் வந்தன. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் அன்ரிதான். குளத்துக்குள் ஒருமுறை கல்லெறிந்த பையன்களை அவர் கலைத்துத் துரத்திய வேகத்தில், ஒருவன் சப்பாத்தை விட்டுவிட்டு ஓடினான்.

ஆனால் முதல் மழை பெய்ததும் ஒவ்வொரு வருஷமும் நான் என் வேலையைச் செய்தாக வேண்டுமே. நான் போடாவிட்டால் குளத்தில் உயிர் எப்படி வரும்? அம்மா, ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் பேசுகிற அம்மா, கேட்காமலே ஒரு பிடி அரிசியை அளந்து என் கையில் தருவா. அன்ரி வேலிக் கதவைத் திறந்துவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்று, நான் அரிசியைத் தூவி முடியும்வரை மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லை என்றுதான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.