காற்று வாயில் கட்டிய கோணி

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராத எனக்கு எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னால் ஒரு மனிதர் அடிவாங்கினார். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் தேயிலையைக் காயவைக்கும் சூடு பாய்லரிலிருந்து வருகிறது. நானும் என் தங்கை புருஷனும்தான் அதைப் பார்த்துக்கொண்டோம். பழைய பர்னர் டீசலைப் பாதி எரித்து, மீதியைக் கரும்புகையாகக் கக்கும். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் காயப்போட்ட துணியெல்லாம் கரி. தங்கை மகளுக்கு ஓயாத இருமல். புகை நிற்காவிட்டால் தொழிற்சாலையை மூடச் சொல்வோம் என்று அரசாங்கக் கடிதம் வந்த பிறகுதான் எஸ்டேட் துரை பர்னரை மாற்றினார்.

ஈப்போவிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து புதியதைப் பொருத்தினார். இதில் காற்று சுழன்று வந்து எண்ணெய்த் தூறலோடு கலக்கும். அவர் புகைபோக்கியில் மீட்டரைச் செருகிப் பார்த்துப் பார்த்து, காற்றுக் கதவை ஓரிடத்தில் நிறுத்தி, சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார்.

"அண்ணே, இந்தக் கோடு நகரக் கூடாது. காத்து குறைஞ்சா ஆபத்துலா."

நான் தலையாட்டினேன். கோட்டை நான் நகர்த்தவே இல்லை.

ஆனால் பனி இறங்கும் காலைகளில் பர்னர் காற்றை இழுக்கும் வாயில் கோணியைக் கட்டுவது எங்கள் பழக்கம். குளிர்காற்று நெருப்பைக் கொன்றுவிடும் என்பது எங்கள் எண்ணம். பழைய பர்னர் எண்ணெயோடு சரியாகக் கலக்காமலே தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பாதி அடைத்தாலும் எரியும். புதியதற்கு அளந்துவிட்ட காற்று மட்டும்தான் என்பதை நான் யோசிக்கவில்லை.

பத்தாம் நாள் காலை கடும் பனி. கோணியைக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் பாய்லர் உறுமியது, தகடுகள் நடுங்கின. நெருப்பு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி பற்றவைக்கும் பட்டனை அமுக்கினேன். பற்றவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் உள்ளே எண்ணெய் தேங்கியது எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வந்து, நெருப்பைப் பார்க்கும் துளையைத் திறந்து குனிந்தார்.

"டெக்னீஷியனுக்கு போன் போட்டீங்களா மச்சான்?"

"இல்ல மாப்ள..."

"ஏன், வாயத் தொறந்தா பனி உள்ள போயிடுமா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் நாலாவது முறை அமுக்கினேன்.

வெடித்தது. துளையிலிருந்து பாய்ந்த நெருப்பு அவர் முகத்தில் அறைந்தது. பாய்லர் கதவின் கொண்டி பிய்ந்து சுவரில் மோதியது. கருகிய முடி நாறியது. அவர் வலது கையில் தோல் ஈரத்துணி மாதிரி தொங்கியது. எல்லாரும் அவரை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் கோணியை அவிழ்த்து ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டேன்.

தகவல் போய், மத்தியானம் டெக்னீஷியன் கம்போங் ராஜா மலைப்பாதை வழியாக வந்து சேர்ந்தார். வேனிலிருந்து இறங்கியவரின் சட்டையை மாப்பிள்ளையின் அண்ணன் பிடித்தான். அவன் கையில் பெரிய ஸ்பேனர்.

"என் தம்பியக் கொளுத்திட்டு பேக்கத் தூக்கிட்டு வர்றியா?"

முதல் அடி தோளில்.

"அண்ணே, கோடு அப்படியே இருக்கான்னு பாருங்க, யாராவது..."

அடுத்த அடியில் நெற்றி பிளந்தது. அவர் முழங்கால் மடங்கி விழுந்தார். யாரும் தடுக்கவில்லை. பழைய பர்னரையே மாட்டுங்கள் என்று துரை ஆபீஸ் வாசலிலிருந்து கத்தினார். ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது, நேராகத் தலைக்கு. கண்ணில் ரத்தம் வழிய அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

ஜாக்கெட்டைத் திறந்து கோணியை அவர்கள் நடுவே எறிந்தேன். காற்று வாயின் வட்டம் அதில் கரியாகப் பதிந்திருந்தது.

"நான்தான் கட்டினேன்."

ஸ்பேனர் என் வாயில் இறங்கியது. இரண்டு பல் போயின. விழுந்த பிறகும் விலாவில் மிதித்தான். டெக்னீஷியன்தான் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். "போதும்லா, செத்துருவாரு" என்றார்.

மறுநாள் காலை புதிய பர்னரையே துடைத்து மூட்டினார்கள். புகைபோக்கியில் புகை தெரியவில்லை. என்னைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். மாப்பிள்ளைக்குப் பார்வை போகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை, தங்கை வேறொருவரிடம் சொல்லி அனுப்பினாள்.