பெரியம்மாவின் இரும்புச் சட்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, வாயால் சொல்கிறதையே எழுதம்மா என்றாள். வாயாலும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

நாங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். அம்மாவின் அக்காள், என் பெரியம்மா, அடுத்த வீடு. அவளுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே பினாங்குக்குக் கப்பலேறியவர். நடுவில் உலகச் சண்டை வந்து கடிதம் நின்றுபோனது. சண்டை ஓய்ந்து மறுபடி கப்பல் விட்ட பிறகு, இன்ன கிழமை புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்குகிறேன் என்று ஒரு கடிதம் வந்தது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது.

அத்தனை வருஷமும் நிலத்தைப் பெரியம்மாதான் பார்த்துக்கொண்டாள். மாட்டுக்குப் பல் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆண்கள் சந்தைக்குப் போனால் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். விற்கிறவன் என்ன சொன்னாலும் அவள் கேட்டுக்கொள்ள மாட்டாள். மாட்டின் உதட்டைத் தூக்கி ஒரு பார்வை, அவ்வளவுதான், வயது சொல்லிவிடுவாள். அவளுக்கே பல் உறுதி. கரும்பைக் கணுவோடு கடித்து உரிப்பாள்.

தலைதான் வெளுத்துவிட்டது. வகிட்டில் தொடங்கிக் காதோரம் வரை பஞ்சு மாதிரி. அதை அவள் ஒரு பொருட்டாக எண்ணியதாக எனக்கு நினைவில்லை. எண்ணியவள் என் அம்மா. கடிதம் வந்த அன்றைக்கே எதிர்வீட்டு அத்தை வந்து ஒரு கதை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்து ஊரில் ஒருவர் பர்மாவிலிருந்து வந்தாராம், பெண்டாட்டி கிழடாகி நிற்பதைப் பார்த்தாராம், மாதம் திரும்புவதற்குள் காணாமல் போனாராம். இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியம்மா வீட்டு இரும்புச் சட்டியை அம்மா இரவல் வாங்கி வந்தாள். என்னை வேலியோரம் அனுப்பி, நரைக்குப் பூச அவுரியும் மருதாணியும் பறிக்க வைத்தாள். அரைத்ததும் நான்தான். மருதாணியில் ஒரு கை சிவந்து, அவுரியில் இன்னொரு கை நீலம் பாரித்தது. மருதாணியைக் கிண்ணத்திலும் அவுரியைச் சட்டியிலும் ஊற வைத்து, மறுநாள் காலையில் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனோம். பெரியம்மா முற்றத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை பூசிக்கக்கா. மச்சான் வந்து எறங்குறப்ப லட்சணமா இருக்க வேணாமா?"

"பூசிக்கிட்டு?"

"வயசு தெரியாதுல்ல."

"சந்தையில விக்கிறவன்தாண்டி கொம்பச் சீவி எண்ணெயத் தடவி நிப்பாட்டுவான். நான் என்ன வெலைக்கா நிக்கிறேன்?"

"வெளையாடாதக்கா. அவுக மறுபடி கப்பலேறிட்டா என்ன செய்வ? புள்ளையா குட்டியா, எதச் சொல்லி நிப்பாட்டுவ?"

பெரியம்மா கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

"இந்த மாசம் பூசி அடுத்த மாசம் வெளுத்தா அப்ப ஏற மாட்டாகளா? ஏறுனா ஏறட்டும். இருக்கிறதுன்னா இந்தத் தலையோட இருக்கட்டும்."

அம்மா சட்டியோடு திரும்பி வந்து அழுதாள். எனக்குப் பெரியம்மா மேல் கோபம். கை இரண்டும் வீணாய்ப் போனதே என்ற கோபம்தான், வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட அன்று அவள் கண்டாங்கிச் சேலை கட்டி, கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். பெரியப்பா போனதிலிருந்து அவள் பூ வைத்து யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றே கேட்டாள்.

"என்ன ஆத்தா, நரைச்ச தலைக்குப் பூவா?"

"நரைச்ச தலையிலதான் கனகாம்பரம் நெறமாத் தெரியும். நீயும் நரைச்சிட்டு வையி."

அப்பா வண்டி ஓட்டினார். ஸ்டேஷனில் மாடு மிரண்டதால் அவர் வெளியிலேயே நின்றுவிட, நாங்கள் மூவரும் உள்ளே போனோம். ரயில் வந்தது. கோட்டுப் போட்டு ஒல்லியாக ஒருவர் தகரப்பெட்டியோடு இறங்கினார். தோள் துண்டின் நுனியால் வாயைப் பொத்தியிருந்தார். புகைக்காகப் பொத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எங்களைப் பார்த்தார். விறுவிறுவென்று வந்தார். நேரே என் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, துண்டு மறைத்த வாயோடு கேட்டார்.

"ஏ புள்ள, நல்லாருக்கியா?"

அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டாள். அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். அவர் கப்பலேறியபோது பெரியம்மாவுக்கும் அதே வயதுதான். இருவருக்கும் ஒரே முகம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது: அம்மா சொன்னது சரி, பூசியிருக்கலாம், இனி இவர் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார்.

பெரியம்மா என் நீலக் கையைப் பிடித்திருந்தாள். பிடி ஒரு தடவை இறுகியது. பிறகு சிரித்தாள்.

"அது ஒங்க கொழுந்தியா. நான் இங்கிட்டு நிக்கிறேன்."

அவர் திரும்பினார். பூவைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், கால்வரை பார்த்தார். பெரியம்மா தலைகுனியவில்லை, முக்காடும் போட்டுக்கொள்ளவில்லை. பார்த்து முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். அவளும் அவரைப் பார்த்தாள், துண்டையும் சேர்த்து.

"நல்லாப் பாத்துக்கங்க. நாப்பத்திநாலு முடிஞ்சிருச்சு எனக்கு. பெட்டிய இப்புடிக் கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வண்டியில் வரும்போது பெரியப்பா ஒரு தடவை, "இந்தப் பூவு அப்பவும் வப்ப" என்றார்.

மறுநாள் காலையில் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "சட்டியக் குடுடி" என்றாள். அம்மா முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம். ஆனால் அவள் காய்ந்துகிடந்த அவுரியைச் சுரண்டிப் பூசணிக் குழியில் போட்டாள். சாம்பல் வைத்துச் சட்டியைத் தேய்த்தாள். வீட்டுக்கு எடுத்துப் போய் அதில் கடலை வறுத்தாள். வறுத்த கடலையை வெல்லத்தோடு உரலில் போட்டு, பொடிப்பொடியாக இடித்தாள்.

கப்பலில் வந்தவரைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. பெரியப்பா அப்போதும் துண்டும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா எல்லோருக்கும் இலைத் துண்டில் பொடியை வைத்துக் கொடுத்தாள், அவருக்கும் அதுவே.

"முழுக்கடலையாக் குடுத்தா என்ன?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள். "நாங்க என்ன பல்லு மொளைக்காத புள்ளைகளா?"

"எனக்குப் பல்லு ஆடுது ஆத்தா" என்றாள் பெரியம்மா. "வயசாயிருச்சுல்ல. எனக்காக இடிச்சதுதான், நீங்களும் தின்னுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. இலையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுபடி கப்பலேறவில்லை.

முதல் நாள்தான் அவள் வண்டியில் வரும்போது கரும்பு கடித்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு நரை முடியைக்கூட மறைக்க மாட்டேன் என்றவள், ஆடாத பல்லை ஆடுகிறது என்று ஊர் முன்னால் ஏன் பொய் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். சும்மா இரு என்று அதட்டினாள். சண்டைக் காலத்தில் பினாங்கில் மரவள்ளிக் கிழங்கே சோறாக இருந்து, பெரியப்பா வாயில் ஒரு பல் மிஞ்சவில்லை என்பதை எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் சொன்னார்கள்.

அந்தக் கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்ததா, வேறெங்கும் வந்ததா, ரயில் காலையா மத்தியானமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். கடலையைப் பொடித்தது மட்டும் நான் கண்ணால் கண்டது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.