பங்காளியின் போனில் காளிச்சாமியின் சர்க்கரை

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வீட்டில் காளிச்சாமி தனியாக இருந்தார். மனைவி சரஸ்வதியம்மாள் போய் மூன்று வருஷம். உடம்பில் சர்க்கரை ஏறி இருபது வருஷம். பங்காளிப் பகை அதற்கும் மூத்தது. பக்கத்துத் தோப்பு ஆறுமுகசாமி அவருடைய சித்தப்பன் மகன். ஒரு கோடையில் வாய்க்கால் மடையை அடைத்து, இவர் நெல்லைக் கருகவிட்டவன். அன்றைக்கு நின்ற பேச்சு, சரஸ்வதியம்மாளை வாசலில் கிடத்தியிருந்த நாளிலும் திரும்பவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் பிரதீபா வந்து அப்பனின் மேல்கையில் ஒரு வில்லையை ஒட்டினாள். உள்ளே மயிரிழை போல ஊசி. விரலைக் குத்த வேண்டாம். சர்க்கரை அளவு அவர் போனுக்கும் அவள் போனுக்கும் நாள் முழுக்கப் போகும்.

"மாட்டுக்குக் காதுல வில்லை அடிக்கற மாதிரி அடிச்சுட்டுப் போறயா?" என்று சீறினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் சத்தத்தை அடக்கி, கதவைத் தாழிட்டு, வில்லை ஒட்டிய கை அடியில் கிடக்க ஒருக்களித்துத் தூங்கினார். கை நசுங்கினால் வில்லை பொய் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? பெங்களூரில் மகளின் போன், சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது என்று அலறியது. பிரதீபா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில், அப்பனுக்குத் தெரியாமல் வைத்திருந்த ஆறுமுகசாமியின் எண்ணுக்கு அடித்தாள்.

காளிச்சாமி புரையேறி விழித்தபோது தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. ஆறுமுகசாமி அவர் தலையைத் தூக்கி வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"முழுங்குடா! நீ செத்தீன்னா உன்ற புள்ளைக்கு நானல்லோ பதில் சொல்லோணும்?"

"வெசம் வெக்கறயாடா?"

"உனக்கு வெசம் எதுக்கு? சக்கரையே போதுமே."

அரைமணி நேரத்தில் எண் இருநூற்றுத் தொண்ணூறு. காளிச்சாமி மகளைப் போனில் வைது தீர்த்தார். அவளும் விடவில்லை. "தாழும் போட்டுக்குவீங்க, போனும் எடுக்க மாட்டீங்க. இனிமே சித்தப்பா போனுக்கும் உங்க நெம்பர் போகுமுங்கப்பா. புடிக்கலீன்னா தோப்பை உட்டுட்டு இங்க வாங்க."

தோப்பை விடுவதற்கு இது மேல் என்று பல்லைக் கடித்தார். மறுநாளே டீக்கடையில் ஆறுமுகசாமி குரல் கொடுத்தான்: "காளிக்குச் சக்கரை போடாதீங்க. இருநூத்தி நாப்பதுல நிக்கறான்!"

கடையே சிரித்தது. அன்றோடு வெல்லக் காப்பி நின்றது. பலாச்சுளை நின்றது. ராகிக் களி தின்றார், தோப்பைச் சுற்றி நடந்தார், மறுபக்கம் திரும்பிப் படுத்தார். உடம்பைப் பற்றிய கவலை இல்லை. அந்த நாய்க்குச் சிரிக்க ஒரு எண்ணும் கிடைக்கக் கூடாது. நூற்று முப்பது, நூற்றுப் பதினெட்டு என்று இறங்கியது. ஆறுமுகசாமி டீக்கடையில் வாயைத் திறப்பதில்லை.

பதினாலாம் நாள் வில்லையின் ஆயுள் முடிந்தது. அடுத்தது டப்பாவில் இருந்தது. காளிச்சாமி அதைத் தொடவில்லை. மறுநாள் காலை ஆசையாக வெல்லக் காப்பி போட்டு, டம்ளரைத் தூக்கும்போது வேலிக்கு வெளியே ஆறுமுகசாமி நின்றான், கையில் போனோடு.

"நெம்பர் வரலே. செத்துட்டயான்னு பாக்க வந்தேன்."

"சாகுல. போடா."

அவன் கண் டம்ளரில் விழுந்தது. "ஓ! பயந்து கழட்டிப் போட்டயா? ரெண்டு வாரந்தான் உன்ற ரோசம்."

காளிச்சாமி காப்பியைத் தென்னை மூட்டில் கொட்டினார். உள்ளே போய் டப்பாவைப் பிரித்து, மறு கையில் டக்கென்று வில்லையை அடித்தார். மகள் சொல்லிக்கொடுத்தபடி போனைப் பக்கத்தில் பிடித்தார். வெளியே வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார்.

"நெம்பர் வர ஒரு மணி நேரம் ஆகும். இருந்து பாத்துட்டுப் போடா."

ஆறுமுகசாமி போகவில்லை. அந்தக் கோடையில் தான் அடைத்த அதே மடையின் கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் ஆனதும் இருவர் போனிலும் எண் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டு.

காளிச்சாமி வேலிப்பக்கம் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார்.