சுவரில் நின்ற தகப்பன்

அப்பா திண்டிவனத்தில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவர். படம் என்றால் லாரியின் பின்பக்கத்தில் ஒரு தாமரை, ஒரு கிளி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவரிடம் எங்கள் தேவாலயத்துப் போதகர், உள்சுவரில் பைபிள் கதை ஒன்றைப் படமாக வரையச் சொன்னார். வீட்டை விட்டுப் போய் எல்லாவற்றையும் தொலைத்த மகன் திரும்பி வருகிறான். தூரத்திலேயே கண்டுகொண்ட தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான்.

எங்கள் வீட்டிலிருந்தும் ஒருத்தி போயிருந்தாள். அக்கா தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு விழுப்புரத்தில் இருந்தாள். அவள் போன் செய்தால் அம்மா கொல்லைப்பக்கம் போய்ப் பேசுவார். அப்பா காதில் விழாததுபோல இருப்பார்.

கோடை விடுமுறை என்பதால் நானும் அப்பாவோடு தேவாலயத்துக்குப் போவேன். கிழிந்த சட்டையோடு மகன் சீக்கிரமே சுவரில் வந்துவிட்டான். தகப்பன்தான் வரவில்லை. ஒருநாள் பெயிண்ட் வாங்கவேண்டும் என்று அப்பா என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார். பெயிண்ட் திண்டிவனத்திலேயே கிடைக்கும். பஸ் பயணம் கெட்டுவிடுமே என்று நான் வாய் திறக்கவில்லை. ஒரு தையல்கடைக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே அக்கா, நிறைமாத வயிற்றோடு தைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்தினார். பிறகு பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். பெயிண்ட் வாங்கவே இல்லை.

மறுநாள் தகப்பனை வரைந்தார். அவன் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். போதகர் பார்த்துவிட்டு, கதையில் அவன் ஓடுகிறானே என்று மெதுவாகக் கேட்டார்.

"கால் வர மாட்டேங்குதுங்க ஐயா," என்றார் அப்பா.

வரையத் தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். போதகர் போனதும், ஓடும் கால் எப்படியிருக்கும் என்று காட்ட, வாசலிலிருந்து அப்பாவை நோக்கி ஓடினேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தார்.

"உங்க அக்காவும் சின்னதுல இப்பிடித்தான் ஓடியாருவா," என்றார்.

கடைசிவரை அப்பா அந்தப் படத்தைத் திருத்தவில்லை. விழுப்புரத்துக்கும் மறுபடி போகவில்லை. அக்கா வந்தது அவருடைய அடக்கத்துக்குத்தான். அன்று அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு ரோஷம்தான் வந்தது. ஓடுவது நான், பேச்சு அவளைப் பற்றியா? அவளைவிட வேகமாக ஓடிக் காட்ட மறுபடியும் வாசலுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால், அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.