ஐந்தாம் நம்பர் கவிதை

“இது எங்கம்மா இல்லீங்க” என்று புரூஃப் தாளை என் மேஜையில் வைத்தார் அந்த டீச்சர்.

1998. பெரம்பலூரில் ஓர் அச்சகம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கவிதை எழுதுவது என் வேலை. எழுதுவது என்ன, ஒரு நோட்டில் பன்னிரண்டு கவிதைகளை நம்பர் போட்டு வைத்திருந்தேன். இறந்தவர் அப்பா என்றால் மூன்றாம் நம்பர், அம்மா என்றால் ஐந்தாம் நம்பர். துக்கத்தில் வருகிறவர்கள் யாரும் படித்துப் பார்த்ததில்லை. பத்திரிகைக்கு அனுப்பும் என் சொந்தக் கவிதைகள் வேறு. அவற்றில் கடல் வரும், அலை வரும். பெரம்பலூரில் ஏது கடல் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

டீச்சருக்குக் குன்னம் பக்கம் ஊர். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போஸ்டர் கேட்டிருந்தார். நிலாக் காட்டிச் சோறூட்டிய தாயே என்று தொடங்கும் ஐந்தாம் நம்பரைப் போட்டிருந்தேன்.

“எங்கம்மா நிலாவெல்லாம் காட்டுனதில்லீங்க. விடிஞ்சா கூலிக்கு வெங்காயம் அரியப் போயிரும்.”

“பின்ன என்னதாங்க செய்வாங்க?” எரிச்சலோடுதான் கேட்டேன். என் கவிதையைக் குறை சொல்லிவிட்டாரே என்று ரோஷம்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் எங்க கன்னத்தைத் தடவும். புறங்கையாலதான். விரலு பட்டா எங்களுக்குக் கண்ணு எரியுமாம்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் புரூஃபின் பின்பக்கமே எழுதினேன்:

வெங்காயம் அரிந்த விரல் பட்டால்
கண் எரியுமென்று
புறங்கையால் எங்கள் கன்னம் தடவினாய்.
இன்று கண் எரிகிறது, அம்மா.
அந்தப் புறங்கை எங்கே?

முதலாளி எட்டிப் பார்த்தார். “அஞ்சலி போஸ்டர்ல வெங்காயமா? ஊரே சிரிக்கும்யா!”

“சிரிக்கட்டுங்க சார். அந்த வெங்காயத்துலதான் நான் டீச்சரானேன்.”

முதலாளியே தாளை வாங்கி உள்ளே கொடுத்தார். மேட்டர் மெஷினுக்குப் போனது.

முதல் தாளை டீச்சரிடம் காட்டினேன். அதிலிருந்த அம்மா படத்தைத் தொடப் போனார்.

“மை காயலைங்க, கை வைக்காதீங்க.”

கையை இழுத்துக்கொண்டவர், சற்று நின்று, புறங்கையால் படத்திலிருந்த அம்மாவின் கன்னத்தைத் தடவினார். மை தீற்றிக்கொண்டது. வேறு தாள் தருகிறேன் என்றேன்.

“வேணாங்க. எனக்கு இதுவே போதும்.”

நோட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். அதன் பிறகு யார் வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: “அவங்க சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் என்ன செய்வாங்க?” எழுத வரும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். கேளுங்கள். பாதிக் கவிதையை அவர்களே சொல்லிவிடுவார்கள். மீதிப் பாதியை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.