பச்சை விழுந்த துண்டு

“பகுப்பாளர், இரண்டாம் நிலை. நீண்ட நேரம் ஒரே இடத்தில் அமர்ந்து, பிறர் உதவியின்றி, அமைதியாகப் பணிபுரியும் இயல்பினர்.” நிறுவனத்தின் பணியாளர் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர் அவளைப் பார்த்ததில்லை என்பது தெளிவு. பார்த்தவர்கள் வைத்த பெயர் பம்பரம்.

நாற்காலி அவளுக்குக் கைப்பை வைக்கும் இடம். “நீ வயித்துல இருந்தப்பவே நடந்துக்கிட்டுதான்டி இருந்தே” என்பாள் அவள் அம்மா. அவள் உட்கார்ந்து சாப்பிடுகிற அபூர்வ நாட்களில், காய்ச்சலோ என்று கணவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான்.

வேலை, வெட்டுவது. ஒரு பெரிய மருத்துவமனையின் இணையதளத்தில் நாலாயிரம் பக்கங்கள். ஒவ்வொன்றும் அனுமார் வால். தேடல் பெட்டியில் ஒருவர் கேள்வி கேட்கும்போது முழுப் பக்கத்தையும் தூக்கி அவர் தலையில் போட முடியாது; கேள்விக்குப் பொருந்தும் ஒரு சின்னத் துண்டை மட்டும் காட்ட வேண்டும். அதற்காக இயந்திரம் இருபது சொல்லுக்கு ஒரு துண்டாக நறுக்கித் தள்ளும். அதற்குச் சொல்லை எண்ணத் தெரியும், பேச்சு முடிந்துவிட்டதா என்று தெரியாது. வெட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது பம்பரத்தின் பாடு.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி எந்த விதிமுறையிலும் கிடையாது. துண்டை அச்செடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாத ஆளாகப் பார்த்து வாசித்துக் காட்டுவாள். வாசல் காவலாளி, லிப்டுக்குக் காத்திருப்பவர், தண்ணீர் கேன் இறக்க வந்தவர் என்று கணக்கில்லை. “புரிஞ்சுதா?” புரிந்தது என்றால் திரையில் பச்சை. முழித்தால் சிவப்பு, நாலு வரி கூட்டி மறுபடி வெட்டுவாள். அசையாமல் உட்கார்ந்து பார்த்தவர்களின் துண்டுகளைவிட இவளுடையவற்றில்தான் குறை கம்மி. இருக்கையில் இருப்பதில்லை என்று மேலாளர் மாதாமாதம் அவளைக் கண்டித்தார். மாதாமாதம் சிக்கலான பக்கங்களை அவள் தலையிலேயே கட்டினார்.

அந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அந்த வாரத்துப் பச்சைகள் எல்லாம் தேடலில் ஏறவேண்டும். காலை பத்தரைக்குத் தேநீர் கொண்டுவரும் அக்கா மாட்டினாள்.

“அக்கா, ஒரு நிமிஷம். கேளுங்க. ‘சிறுநீரகப் பிரிவில் வண்ணம் பூசும் வேலை நடப்பதால் இன்று முதல் ஞாயிறு வரை யாரும் வர வேண்டாம். திங்கள் முதல் வழக்கம்போல் வரலாம்.’ புரிஞ்சுதா?”

“இதுல புரியாம என்ன இருக்கு? பெயின்ட் அடிக்கிறாங்க, யாரும் வராதீங்கன்னு சொல்றாங்க. பச்சப் புள்ளைக்குக்கூடப் புரியும்.”

“நீங்கதான்க்கா எனக்கு நீதிபதி.”

“நீதிபதிக்கு நேத்து டம்ளரைத் திருப்பிக் குடு முதல்ல.”

பச்சை விழுந்தது.

பன்னிரண்டேமுக்காலுக்கு டம்ளரைக் கொடுக்கப்போனபோது அக்கா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். “உனக்குப் புண்ணியமாப் போகும்மா. தங்கச்சிக்கு ரெண்டு பஸ் அலைச்சல் மிச்சம்.”

“எந்தத் தங்கச்சிக்கா?”

“அதான், கிட்னி ரெண்டும் போயி, செவ்வா, வியாழன், சனின்னு வாரத்துல மூணு நாள் அதே ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போறாளே. இன்னிக்கு ரெண்டு மணிக்கு அவ முறை. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்ல மறந்துட்டாங்க போல. நீ படிச்ச கையோட போன் போட்டுட்டேன், வராதடி, இனிமே திங்கக்கிழமைதான்னு.”

பம்பரம் திரைக்கு ஓடி முழுப் பக்கத்தையும் திறந்தாள். துண்டுக்கு மேலே, மிக மேலே, தலைப்பு இருந்தது: நோயாளிகளைப் பார்க்க வரும் உறவினர் கவனத்திற்கு. அதற்கடியில், சிகிச்சைகள் வழக்கம்போல் நடைபெறும் என்று ஒரு வரி. இயந்திரம் இரண்டையும் வேறு துண்டில் போட்டிருந்தது.

டயாலிசிஸ் பக்கங்களை அவள் போன வாரம்தான் வெட்டியிருந்தாள். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் கோக்கும், மூச்சுத் திணறும். செவ்வாய்க்குப் பிறகு திங்கள் என்றால் ஆறு நாள். இதையெல்லாம் சொன்ன அந்த டயாலிசிஸ் துண்டும் பச்சைதான்.

தங்கை போனை எடுக்கவில்லை. “பகல்ல வேலையா இருந்தா தூக்கி எங்கேயாவது போட்டுடுவா” என்றாள் அக்கா, நாலாவது முறை அழைத்தபடி. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கெட்டிலை மேலாளர் மேசைமேலேயே வைத்துவிட்டு அவளும் கூடக் கிளம்பினாள்.

“எங்கம்மா ரெண்டு பேரும்?” என்றார் மேலாளர்.

“வெட்டினதை ஒட்ட, சார்.”

வாடகை வண்டிக்குள் நடக்க வழியில்லை. அவள் கால் மட்டும் தரையை உதைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று கதவைத் தொட்டாள். ஓட்டுநர் கதவைப் பூட்டினார்.

மூன்றாவது மாடி. தங்கை வாளி நிறையத் துணியை ஊறப்போட்டுவிட்டு, கிடைத்த விடுமுறையில் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பொடவையை மாத்துடி, கிளம்பு” என்றாள் அக்கா.

“வராதேன்னு சொன்னது நீதானே?”

“எனக்குச் சொன்னது இவ.”

“அப்ப போகணும்னு சொல்றது?”

“அதுவும் நான்தாங்க” என்றாள் பம்பரம். “வர வேண்டாம்னது பார்க்க வர்றவங்களுக்கு. உங்களுக்கில்ல.”

“முழுசாப் படிச்சுட்டுச் சொல்ல மாட்டீங்களா?”

பம்பரத்துக்குச் சம்பளமே, யாரும் முழுசாகப் படிக்கத் தேவையில்லாமல் செய்வதற்குத்தான். அதைச் சொல்ல அது நேரமில்லை. செருப்பைத் தேடிக் கொடுத்தாள்.

மருத்துவமனைக்குள் நுழையும்போது இரண்டு பத்து. கூடத்தில் ஏணிமேல் ஒருவர் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். “இன்னும் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு இந்த மெஷினை வேற ஆளுக்குக் குடுத்திருப்பேன்” என்று நர்ஸ் சிடுசிடுத்து, எடை பார்த்து, தங்கையைப் படுக்கவைத்தாள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பம்பரத்தைத் திட்டினாள். பிறகு, “போ, உனக்கு அஞ்சு மணி வேலை இருக்கில்ல” என்று விரட்டினாள்.

மூன்றேமுக்காலுக்கு அவள் மேலாளர் முன் நின்றாள். இந்த வாரத்துத் துண்டுகள் ஏறக்கூடாது என்றாள்.

“எல்லாமே பச்சையா இருக்கேம்மா. யாருக்கும் புரியலைன்னு ஒண்ணுகூட இல்லையே.”

“அதான் சார் பயம். புரியலைன்னா இன்னொருத்தரைக் கேப்பாங்க. நல்லாப் புரிஞ்சுட்டா வீட்டுலயே இருந்துடுவாங்க.”

“ஒரு வாரம் தள்ளிப்போனா நான் மேல என்ன பதில் சொல்றது?”

“நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க. எழுதியும் தரேன்.”

எழுதிக் கொடுத்தாள். அன்று ஏறவிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளையும் நிறுத்தினாள். அடுத்த வாரம் முழுக்க மூலப் பக்கங்களைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது யாருக்காக எழுதப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தாள்.