விளக்கு நின்ற பக்கம்

செல்வி, பாலு, "அப்பா, தியேட்டர்ல வேலை பார்த்தீங்களே, எந்த நடிகரையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். பார்த்ததில்லை. நான் பார்க்க ஆசைப்பட்டதும் ஒரு நடிகரை இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் கேரள மலையில், சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நான் படம் ஓட்டும் ஆபரேட்டர். படப்பெட்டி போடியிலிருந்து மலையேறும் சாயங்கால பஸ்ஸின் கூரையில் வரும். பெரிய நடிகரின் படம் என்றால், ரசிகர்கள் பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்துத்தான் கொட்டகைக்குத் தூக்கி வருவார்கள். எங்களுக்கு எப்போதும் கீறல் விழுந்த பழைய பிரிண்ட்தான். ஒரு வருஷம் முதலாளி எப்படியோ பேசி, தீபாவளிக்கு ஒரு பெரிய நடிகரின் புதுப்படமே வரும் என்று போஸ்டரும் ஒட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸில் ஸ்டுடியோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மலையில் அதற்குச் சமரம் என்று பெயர். படம் பாதியில் நின்றுபோனது.

அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துத் தலைவன் குமரேசன் கொட்டகை வாசலில் நின்று கத்தினான். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவன்.

"லைட்டு புடிக்கிறவனுக்கு என்னண்ணே இம்புட்டுத் திமிரு? தலைவரு மேக்கப்போட நிக்கிறாராம், இவனுக சமரம் பண்றானுகளாம்!"

"போன வருசம் போனஸுக்கு நீ ஸ்டோர் வாசல்ல உக்காந்தியே, அது என்னடா?" என்று கேட்டேன்.

"அது வேறண்ணே. அதுல காய்தான் காயல. இதுல தலைவரு படமே வரலையே!"

கேட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். தோட்டத்தில் காய் எடுக்கிறவள், புருஷன் இல்லை. ஒரே மகன் முத்துப்பாண்டி சினிமாவில் சேர்கிறேன் என்று மெட்ராஸுக்கு ஓடிப்போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிறான் என்று போய்வந்த ஒருவர் சொன்னதோடு சரி.

"எம்மவனும் அதுல ஒருத்தன்தான்டா. நல்லா நடக்கட்டும் சமரம். வேலை இல்லன்னா வயித்துக்கு எங்க போவான்? இங்கதான வரணும்?"

"ஒன் மகன் வர எங்க தீவாளி கெடணுமா அத்தை?"

"கெடட்டும்டா. ஒனக்குத் தீவாளி வருசா வருசம் வரும்."

தீபாவளிக்கு அதே நடிகரின் பழைய படத்தைத்தான் ஓட்டினோம். தலைவர் திரையில் வந்தபோது ஒரு விசில்கூட இல்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே ஜனங்கள் வசனத்தைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். வெளியே போஸ்டர் மழையில் கிழிந்து அவருக்குப் பாதி முகம்தான் மிச்சம். குமரேசன் சோற்றுக்கஞ்சி கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தான். நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் சாயங்கால பஸ்ஸுக்கு இரண்டு பேர் காத்து நின்றார்கள். குமரேசனுக்குப் பெட்டி வரவேண்டும். பேச்சியம்மாளுக்கு மகன் வரவேண்டும். அவள் கையில் ஒரு புதுக் கம்பளி இருக்கும்.

"மெட்ராஸ் சூட்டுல கெடந்தவன். எறங்கினதும் குளிரும்" என்பாள்.

தை பிறந்து ஒருநாள் கூரையில் புதுப்படத்தின் பெட்டியோடு பஸ் வந்தது. ஒரே கூச்சல். குமரேசன் பஸ் நிற்பதற்குள் ஏணியில் தொற்றிவிட்டான். பேச்சியம்மாள் கூரையைப் பார்க்கவில்லை, இறங்குகிறவர்களைப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கியாயிற்று.

"சமரம் முடிஞ்சிருச்சா தம்பி?" என்று என்னிடம் கேட்டாள்.

"முடிஞ்சு நாளாச்சுக்கா. அப்புறந்தான படத்தையே முடிச்சிருப்பாங்க."

கம்பளியை மடிப்புக் கலையாமல் மறுகைக்கு மாற்றினாள். "அப்ப வேலைக்குப் போயிட்டான்" என்றாள்.

குமரேசன் இறங்கி வந்தவன், சூடத்தட்டை அவளிடம் நீட்டினான்.

"நீ காட்டு அத்தை."

"ஒன் தலைவருக்கு நான் எதுக்குடா?"

"தலைவருக்கு இல்ல. முத்துப்பாண்டி புடிச்ச லைட்டும் இதுக்குள்ளதான இருக்கு."

காட்டினாள். அன்று தரை டிக்கெட்டில் முன்னால் உட்கார்ந்து, கம்பளியைத் தானே போர்த்திக்கொண்டு படம் பார்த்தாள். இடைவேளையில் நான் மெஷின் ஓட்டும் கேபின் வாசலுக்கு வந்தாள்.

"எல்லாரும் மூஞ்சியப் பாக்குறாக. அவன் எந்தப் பக்கம் நிப்பான் தம்பி?"

அவ்வளவு வருஷம் படம் ஓட்டியும் நான் பார்த்ததும் அந்த மூஞ்சியைத்தான். பிள்ளைகளா, ஒரு முகம் பளிச்சென்று தெரிந்தால், எதிரே யாரோ விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சியக்கா கேட்டிருக்காவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

மறுநாள் காலையில் கொட்டகையில் யாரும் இல்லை. கதவுகளைச் சாத்திவிட்டு முதல் ரீலைப் போட்டேன். தலைவர் ஒரு சுவரோரம் வந்து நின்றதும் மெஷினை ஓடவிட்டு இறங்கி, பேச்சியக்கா உட்கார்ந்த இடத்துக்கு ஓடினேன். மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய, கையால்தான் நகர்த்த வேண்டும். அதிக நேரம் விட முடியாது. அவருடைய நிழல் சுவரில் இடப்பக்கமாக விழுந்திருந்தது. அப்படியானால் விளக்கும் அதைப் பிடித்தவனும் வலப்பக்கம். அங்கே பார்த்தேன். திரைத்துணி முடிந்து, துருப்பிடித்த தகரம்தான் இருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கும்வரை அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன்.